பார் ஜூக்பாக்ஸ்ல என் பாட்டைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க, இதுக்கு என்ன சொல்றீங்க?

மதுரைக்காரன்_மில்வாக்கி
சனி, விடிகாலை 2:50

தூக்கம் வரல. கோபம் ஆறல. அதான் இந்நேரத்துல எழுதுறேன்.

இந்த ஊருக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு மூலைல சின்ன பார். வெள்ளிக்கிழமை ஆனா மீன் வறுவல், உருளைக்கிழங்கு அப்பம், பிராந்தி ஊத்தின ஓல்ட் ஃபேஷன்ட். நான் ஒரு ஓரமா உக்காந்து குடிச்சிட்டுப் போயிடுவேன், யார் வம்புக்கும் போறதில்ல. சுவத்துல தொடுதிரை வச்ச ஜூக்பாக்ஸ் ஒண்ணு மாட்டியிருக்கு, அதான் காசு போட்டா கேட்ட பாட்டைப் போடுற பெட்டி. இன்னிக்குத்தான் முதல் தடவையா தைரியம் வந்து அஞ்சு டாலர் நோட்டைச் செருகினேன். மூணு பாட்டு தேர்ந்தெடுத்தேன்.

வரிசைல எனக்கு முன்னாடி இருந்தது ரெண்டே பாட்டு. ஆனா என் முதல் பாட்டு வர நாப்பது நிமிசம் ஆச்சு. எங்கிருந்தோ வேற வேற பாட்டு நடுவுல நடுவுல பூந்துக்கிட்டே இருந்துச்சு. ரெண்டாவது, ரஹ்மான் பாட்டு. ஒண்ணரை நிமிசம்தான் ஓடியிருக்கும். பார்டெண்டர் அம்மா கவுண்டருக்கு அடியில கைய விட்டுச்சு, டப்புனு கட். அடுத்த நொடி யாரோட கிட்டாரோ அலறுது. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. மூணாவது பாட்டு வர்றதுக்குள்ள "லாஸ்ட் கால்"னு கடைசி ஆர்டருக்கான மணி அடிச்சாச்சு.

காசு என்னோடது. பாட்டு அந்தப் பெட்டிலயே இருக்குற பாட்டு. அப்புறம் எப்படி நிறுத்தலாம்? நம்ம பாட்டுங்கிறதாலதான் நிறுத்துனாங்கன்னு எனக்குத் தோணுது. அனுபவஸ்தர்கள் சொல்லுங்க.


எட்டணா
சனி, காலை 7:31

இதுல சந்தேகமே வேண்டாம். காசு வாங்கிட்டு சரக்கு தரலைன்னா அதுக்குப் பேர் என்ன? ஓட்டல்ல தோசைக்குக் காசு வாங்கிட்டு பாதி தோசையில தட்டைப் பிடுங்குவாங்களா? நேர்ல போய் அஞ்சு டாலரைத் திருப்பிக் கேளுங்க.


கும்பகோணம்_டிகிரி
சனி, காலை 7:58

அஞ்சு டாலர் போச்சுங்கிறதை விடுங்க. உருளைக்கிழங்கு அப்பத்துக்கு அங்க ஆப்பிள் சாஸ் தொட்டுக்கச் சொல்வாங்களே, அதுக்கு இன்னும் ஒரு இழை போடலையா?


ஷிப்ட்முடிஞ்சது
சனி, காலை 9:15

கிரீன் கார்டு வந்ததுக்கப்புறம் மேடிசன்ல மூணு வருஷம் பார்டெண்டரா இருந்தவ நான். கவுண்டருக்கு அந்தப் பக்கத்துலேருந்து சொல்றேன், கோவிச்சுக்காதே தம்பி.

முதல்ல வரிசை விஷயம். இப்போ இருக்கற பெட்டிங்கள்ல பாட்டுக்கு ஒரு விலை, "அடுத்து இதான் வரணும்"னா அதைவிடக் கூட விலை. போன்ல ஆப் வச்சிருக்கறவன் உக்காந்த இடத்துலேருந்தே கூடக் காசு போட்டு உன்னைத் தாண்டிப் போயிடுவான். உன் கண்ணுக்கு யாருமே பெட்டிகிட்ட போகலை, ஆனா பாட்டு மாத்திரம் பூந்துண்டே இருக்கும். திருப்பதில முந்நூறு ரூபா க்யூ மாதிரின்னு வச்சுக்கோ. தர்ம தரிசனம் நகராது.

அடுத்தது அந்தக் கை. கவுண்டருக்கு அடியில ஒரு ரிமோட் இருக்கும். சத்தம் கூட்ட, குறைக்க, ஓடற பாட்டைத் தள்ளிவிட. எல்லா பார்லயும் உண்டு. நானும் அமுக்கியிருக்கேன். ஒரு ராத்திரில ரெண்டு தடவையாவது அமுக்காத வெள்ளிக்கிழமை கிடையாது.

நம்ம பாட்டுங்கறதால நிறுத்தினாளான்னு கேட்டா, இருக்கலாம். இல்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், அப்படிப்பட்ட ஆளுங்களையும் பாத்திருக்கேன். ஆனா ரெண்டு கேள்வி. என்ன மாதிரிப் பாட்டு? அந்த நேரத்துல பார்ல என்ன நடந்துண்டிருந்துது?


மதுரைக்காரன்_மில்வாக்கி
சனி, காலை 10:40

அக்கா, அதச் சொல்லாம விட்டுட்டேன். மெதுவான பாட்டுதான். ஆறு நிமிசம். ஆரம்பத்துல வெறும் குரல், தபேலா வரவே ஒரு நிமிசத்துக்கு மேல ஆகும்.

அப்ப பார்ல பகடை போட்டுக்கிட்டு இருந்தாங்க. தோல் குவளைல அஞ்சு பகடையப் போட்டுக் குலுக்கி டொம்முனு கவுண்டர்ல கவுக்குறது. யாருக்கோ நல்லா விழுந்துச்சு போல, ஒரே கூச்சல், எல்லாருக்கும் ஒரு ஷாட் ஊத்துனாங்க. எனக்கும் ஒண்ணு வந்துச்சு, குடிச்சேன்.


ஷிப்ட்முடிஞ்சது
சனி, காலை 10:52

சரியாப் போச்சு. ஊரே ஷாட்டைத் தூக்கிண்டு நிக்கறப்போ நீ தாலாட்டு போட்டிருக்கே. உன் பாட்டு இல்லை, ஜானி கேஷோட சோகப் பாட்டா இருந்தாலும் நான் அமுக்கியிருப்பேன்.

அவ உன்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அது அவ தப்பு. நான் அமுக்கினா அந்த ஆளுக்கு ஒரு டாலர் பீர் தள்ளிவிடுவேன், சண்டையே வராது.


எட்டணா
சனி, முற்பகல் 11:20

அக்கா சொல்றது பார் நடத்துறவங்க நியாயம். வாடிக்கையாளர் நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? தாலாட்டு பிடிக்கலைன்னா பெட்டிலேருந்தே எடுத்துட வேண்டியதுதானே. விக்கிற பொருளா அடுக்கி வச்சிட்டு வாங்குனவனைக் குத்தம் சொல்றது என்ன முறை?


நாப்பத்தஞ்சு
சனி, மதியம் 12:05

பழைய ஜூக்பாக்ஸ் வாங்கிப் பழுதுபார்ப்பது என் பொழுதுபோக்கு. இருக்கிறது மிச்சிகன்ல. கராஜ்ல இப்ப ரெண்டு பெட்டி பிரிச்சுக் கிடக்கு, கார் வெளியில பனியில நிக்குது.

எட்டணா கேட்ட கேள்வி பழசு. பெட்டி யாரோடதுங்கிறதுலதான் சிக்கலே. பெரும்பாலான பார்ல ஜூக்பாக்ஸ் பார்க்காரருக்குச் சொந்தம் கிடையாது. ஆப்பரேட்டர்னு ஒருத்தர் கொண்டுவந்து வைப்பார், பழுதானா வந்து பார்ப்பார், காசுப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்காரருக்கு ஒரு பங்கு கொடுப்பார். பாதிக்குப் பாதின்னு பேச்சு இருந்த இடங்கள் நிறைய. பூல் டேபிளும் அவரோடதாவே இருக்கும். ஆக, உங்க அஞ்சு டாலரை அந்த பார்டெண்டர்கிட்ட கேட்டா அவங்க கையில அது இல்லவே இல்ல.

நிறுத்துற பட்டனும் புதுசு இல்ல. பழைய பெட்டிகள்ல முதுகுப் பக்கம் ஒரு ரிஜெக்ட் பட்டன் இருக்கும். சில பார்ல ஒயர் இழுத்துக் கவுண்டருக்கு அடியில வச்சுக்குவாங்க. அமுக்கினா ஊசி இருக்கற கை, டோன்ஆர்ம், விலகி, தட்டு தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துடும்.

இதெல்லாம் ஆரம்பிச்ச கதையே பார்லதான். 1889 நவம்பர் 23, சான் பிரான்சிஸ்கோல பாலே ராயல்னு ஒரு சலூன். லூயிஸ் கிளாஸ்ங்கிறவர் எடிசன் போனோகிராப் ஒண்ணுல காசுத் துவாரம் வச்சு அங்க நிறுத்தினார். ஒலிபெருக்கி எல்லாம் கிடையாது. நாலு ரப்பர் குழாய், டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி. ஒரு நிக்கல், அதாவது அஞ்சு செண்ட் போட்டா ஒரு குழாய் திறக்கும், காதுல வச்சுக்கணும். போட்டவனுக்கு மட்டும்தான் கேட்கும். அந்தப் பெட்டில நம்ம மதுரைக்காரர் ஆறு நிமிஷத் தாலாட்டு போட்டிருந்தா ஒருத்தர் வாய் திறந்திருக்க மாட்டார், என்ன, அதுல ஓடின மெழுகு உருளைல ஆறு நிமிஷம் அடங்காது.

பாட்டு முடிஞ்சதும் "பாருக்குப் போய் ஒரு கிளாஸ் வாங்கிக் குடிங்க"ன்னு ஓர் அறிவிப்பும் அந்த உருளைலயே வரும்னு கிளாஸே சொல்லியிருக்கார். அப்பவே புரிஞ்சுக்கலாம், பெட்டி யாருக்காகன்னு.


கும்பகோணம்_டிகிரி
சனி, மதியம் 12:30

நாலு பேர் மாத்தி மாத்திக் காதுல வச்ச குழாயா? எண்ணெய்ச் சட்டி மாதிரி ஆயிருக்குமே சார்.


நாப்பத்தஞ்சு
சனி, மதியம் 12:41

துடைச்சுக்கத் துணி தொங்கவிட்டிருந்தாங்க. கடைசியா அதைத் துவைச்சது எப்பன்னு மட்டும் கேக்காதீங்க.


நிலா_சிகாகோ
சனி, பிற்பகல் 3:18

நான் சிகாகோவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். என் தோழிகளோடு வாரம் ஒருமுறை ஒரே பாருக்குத்தான் போவோம். இங்கே எல்லாரும் உரிமை, விலை என்று பேசுகிறீர்கள். எனக்கு ஜூக்பாக்ஸில் பிடித்ததே அந்தத் தேர்ந்தெடுக்கும் நேரம்தான்.

போனவுடன் காசு போட மாட்டேன். முதலில் இரண்டு பாட்டு ஓடட்டும் என்று விடுவேன். யாரும் காசு போடாதபோது பெட்டி தானாகவே ஏதாவது ஓட்டிக்கொண்டிருக்கும், அதை யாரும் காதில் வாங்குவதில்லை. யாராவது போட்ட பாட்டு வந்தால் போட்டவர் முகத்தில் தெரியும். முதல் நொடியிலேயே நிமிர்ந்து சுற்றிப் பார்ப்பார், வேறு யாருக்காவது பிடிக்கிறதா என்று. அவர் பாட்டு எதுவோ அதிலிருந்து ஒரு படி தள்ளி நான் ஆரம்பிப்பேன். அதே பாடகரைப் போடக் கூடாது, அது காக்கா பிடிப்பது மாதிரி ஆகிவிடும். அதே காலத்து வேறொருவர், அதே மாதிரித் தாளம். இரண்டாவது பாட்டில்தான் என் விருப்பம் லேசாக எட்டிப் பார்க்கும்.

தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு வயதானவர் எப்போதும் ஒரே பாட்டுத்தான் போடுவார், பேட்ஸி கிளைன் பாடியது. ஏழு மணிக்கு ஒன்று, கிளம்பும்போது ஒன்று. அது வரும்போது பார்டெண்டர் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டுவார், குறைக்க மாட்டார். அதுவும் மெதுவான பாட்டுதான் மதுரைக்காரரே. ஆனால் அவர் அங்கே எத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறாரோ.


எட்டணா
சனி, மாலை 4:02

அப்போ பழைய ஆளுக்கு ஒரு சட்டம், புது ஆளுக்கு ஒரு சட்டம். அதைத்தானே நானும் சொல்றேன்.


நிலா_சிகாகோ
சனி, மாலை 4:20

ஆமாம், அப்படித்தான். நான் மறுக்கவில்லையே. தேனியிலிருந்து கம்பம் போகும் தனியார் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த அடுத்த நிமிடம் டிரைவரிடம் போய்ப் பாட்டை மாற்றச் சொல்வீர்களா? தினமும் அதே பஸ்ஸில் வரும் டீச்சர் சொன்னால் மாற்றுவார்.


கும்பகோணம்_டிகிரி
சனி, மாலை 4:33

டீச்சருக்காகத்தான் அந்தப் பாட்டே ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும்.


ஷிப்ட்முடிஞ்சது
சனி, மாலை 5:47

நிலா சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். பாட்டு நீளமும் பாருங்கோ. "ஃப்ரீ பேர்ட்" ஒன்பது நிமிஷம், "அமெரிக்கன் பை" எட்டரை நிமிஷம். குடிச்சவன் எவனாவது இதுல ரெண்டை அடுத்தடுத்துப் போட்டான்னா பதினெட்டு நிமிஷம் பெட்டி அவன் வீட்டுச் சொத்து. மத்தவாளோட காசு வரிசைல நிக்கும், முறைப்பு எல்லாம் என் மேல. தம்பி, உன் மூணாவது பாட்டு என்ன?


மதுரைக்காரன்_மில்வாக்கி
சனி, மாலை 6:10

...ஃப்ரீ பேர்ட்.


ஷிப்ட்முடிஞ்சது
சனி, மாலை 6:11

பெருமாளே.


நாப்பத்தஞ்சு
சனி, இரவு 7:25

"அமெரிக்கன் பை" பத்தி ஒரு துணுக்கு. 45 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 45 சுத்து) தட்டா வந்தப்ப அதை ரெண்டு பக்கமா வெட்டித்தான் போட்டாங்க. ஜூக்பாக்ஸ்ல ஒரு பக்கம் தேர்ந்தெடுத்தா பாதிப் பாட்டு. மிச்சப் பாதிக்கு இன்னொரு தடவை காசு. பாதிப் பாட்டுக்கு முழுக் காசு வாங்கினது அப்பவே இருந்திருக்கு, எட்டணா சார். "ஹே ஜூட்" ஏழு நிமிஷத்துக்கு மேல, ஆனா அது முழுசா ஒரே பக்கம். அஞ்சு செண்டோ பத்து செண்டோ, பெட்டி நிமிஷத்தைக் கணக்குப் பார்க்காது, பள்ளம் முடியற வரைக்கும் ஓட்டும். விவரமானவங்க அதைத்தான் போடுவாங்க.

எல்லாருக்கும் தெரிஞ்ச அந்தக் குமிழ் ஓடுற வளைவுப் பெட்டி வுர்லிட்சர் 1015. 1946ல வந்தது, ஐம்பத்தாறாயிரத்துக்கும் மேல வித்திருக்காங்க. அழகு பாத்தா அதுதான். ஆனா அதுல இருந்தது மொத்தமே 24 பாட்டு, 78 ஆர்பிஎம். ரெண்டு வருஷம் கழிச்சு சிகாகோலேருந்து சீபர்க் கம்பெனி நூறு பாட்டுப் பெட்டி விட்டாங்க. அம்பது தட்டு, தட்டை நிக்கவச்சு ரெண்டு பக்கமும் ஓட்டுற இயந்திரம். இருபத்தி நாலுல ஒண்ணை எடுக்கிறதும் நூறுல ஒண்ணை எடுக்கிறதும் ஒண்ணு இல்லையே. அப்பதான் நாட்டுப்புறப் பாட்டு, போல்கா நடனப் பாட்டு, கறுப்பினப் பாடகர்கள் எல்லாருக்கும் ஒரே பெட்டில இடம் கிடைச்சுது. வெள்ளைக்காரர் ரேடியோ போடாத பாட்டை எல்லாம் ஜூக்பாக்ஸ் போட்டுது. ஜூக்ங்கிற பேரே தெற்கு மாகாணங்கள்ல கறுப்பின மக்கள் ஆடிப்பாடின ஜூக் ஜாயிண்ட்லேருந்து வந்ததுதான்.

பட்டன்ல ஒரு வேடிக்கை. A1, B7ன்னு எழுத்தும் எண்ணும் சேர்த்து அமுக்கணும். எழுத்து வரிசைல I, O ரெண்டும் இருக்காது. ஒண்ணு, சைபர்னு குழம்பிடுமே. நூறு பாட்டுப் பெட்டில A முதல் K வரை, I நீங்கலாப் பத்து எழுத்து. பத்துப் பத்து நூறு. என் பொண்ணு வாய்ப்பாடு கத்துக்கிட்டது இதை வச்சுத்தான்.

பெட்டில பாட்டு ஓடினதுக்காக அதை எழுதினவங்களுக்கும் இசையமைச்சவங்களுக்கும் ஒரு செண்ட் போகலைங்கிறதையும் சொல்லணும். 1909 சட்டத்துல காசு போடுற இயந்திரத்துக்கு விலக்கு கொடுத்திருந்தாங்க. புதுச் சட்டம் 1978ல நடைமுறைக்கு வந்தப்பதான் உரிமத் தொகை வந்துது, அதுவும் ஒரு பெட்டிக்கு வருஷத்துக்கு எட்டு டாலர்.


எட்டணா
சனி, இரவு 7:50

எட்டு டாலரா! ஒரு வருஷம் முழுக்கவா? மதுரைக்காரர் ஒரு ராத்திரில அஞ்சு விட்டிருக்கார்.


நாப்பத்தஞ்சு
சனி, இரவு 8:02

இன்னொண்ணு. பாட்டே வேணாம்னு காசு போட்டவங்களும் உண்டு. 1950களின் கடைசில டெட்ராய்ட் பல்கலைக்கழக மாணவர்கள் ஒலியே இல்லாத தட்டு செஞ்சு ஜூக்பாக்ஸ்ல வச்சாங்க. காசு போட்டா தட்டு சுத்தும், சத்தம் வராது. படிக்கிற பையனுக்கு அந்தப் பக்கத்து மேஜைப் பாட்டுலேருந்து கொஞ்ச நேர விடுதலை.


பழைய_டொலீடோ
ஞாயிறு, காலை 6:35

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கே எழுதுவது அபூர்வம், படிப்பதோடு சரி. என் பேரன்தான் இந்த இழையைக் காட்டினான். அந்தத் தம்பியின் கோபத்தைப் படித்ததும் 1983 நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது ஒஹையோவில் டொலீடோ. கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் விட்டதும் எல்லாரும் போகும் பார் ஒன்று, வாசலிலிருந்து பார்த்தால் ஆலைப் புகைபோக்கி தெரியும். உள்ளே இருநூறு பாட்டு சீபர்க் பெட்டி. மூன்று வருடம் அங்கே போனேன். அவர்கள் பாட்டைத்தான் போடுவேன், எனக்கு அவை பிடித்தும் போயின. ஊருக்குப் போய் வந்தபோது என் மனைவி பெட்டியில் சில இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தாள். அதில் ஒன்று எல்.ஆர். ஈஸ்வரி அம்மா பாடியது, எம்.எஸ்.வி. இசை. டிரம்பெட்டும் பாங்கோஸுமாக அமர்க்களமாக இருக்கும். பார் முதலாளி ஒரு போலந்துக்காரர், போல்கா பைத்தியம். ஒருநாள் பேச்சுவாக்கில், உங்கள் ஊரில் டிரம்பெட் உண்டா என்று கேட்டார். மறுநாள் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

பெட்டியில் போட முடியவில்லை. அமெரிக்க 45 தட்டுக்கு நடுத்துவாரம் ஒன்றரை அங்குலம். நம் ஊர்த் தட்டுக்கு சின்னத் துவாரம், பென்சில் நுழையும் அளவு. வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை மேஜையில் வைத்து, ஓர் அமெரிக்கத் தட்டை மேலே வைத்துக் கோடு போட்டு, கத்தியைச் சூடாக்கி அறுத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். என் மனைவி பக்கத்தில் நின்று, "நல்ல தட்டை நாசம் பண்றீங்களே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

துவாரம் நட்டநடுவில் அமையவில்லை. நூலளவு தள்ளிப்போய்விட்டது. பெட்டியில் ஓடியபோது ஈஸ்வரி அம்மா குரல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கியது, ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுவது போல. அங்கே இருந்த யாருக்கும் அது பிழை என்று தெரியாது. இந்தியப் பாட்டு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

இன்னொரு விசேஷம், அது ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு உள்ள ஈ.பி. தட்டு. பெட்டிக்கு அது தெரியாது. ஒரு காசுக்கு இரண்டு பாட்டையும் ஓட்டியது. விஷயம் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. காசுக்கு இரண்டு பாட்டு கிடைக்கிறதே என்று அதைப் போட ஆரம்பித்தவர்கள்தான் பாதிப் பேர்.


நாப்பத்தஞ்சு
ஞாயிறு, காலை 8:10

ஐயா, காலையில காபிகூடக் குடிக்காம இதை ரெண்டு தடவை படிச்சேன். துவாரத்தை அறுத்தது சரி. பாட்டுப் பேர் எழுதுற சீட்டுக்கு என்ன பண்ணீங்க? ஆப்பரேட்டர் ஒண்ணும் சொல்லலையா?


பழைய_டொலீடோ
ஞாயிறு, காலை 9:25

ஆப்பரேட்டரின் ஆள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார், சாவிக்கொத்தும் புதுத் தட்டுகளுமாக. ஓடாத பாட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார். எந்தத் தட்டு எவ்வளவு ஓடியது என்று காட்ட உள்ளே ஒரு ஏற்பாடு இருந்தது. முதலாளி எனக்காகப் பேசி, ஒரே ஒரு இடம் வாங்கிக் கொடுத்தார். இரண்டு வாரம் பார்ப்போம், ஓடாவிட்டால் எடுத்துவிடுவேன் என்றார் அந்த ஆள்.

சிவப்புக் கரை போட்ட சீட்டு. மேலே ஒரு பாட்டு, கீழே மறுபக்கத்துப் பாட்டு, நடுவில் பாடியவர் பெயர். மற்றதெல்லாம் தட்டச்சு. என்னுடையது மட்டும் பேனா. ஆங்கிலத்தில் மேலே "மெட்ராஸ் 1", கீழே "மெட்ராஸ் 2", நடுவில் ஈஸ்வரி. என் கையெழுத்துதான்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஆள் வந்து பார்த்துவிட்டு, முதலாளியிடம், "யார் இந்த ஈஸ்வரி?" என்று கேட்டாராம். சீட்டு அங்கேயே இருந்தது.

அந்தத் தம்பிக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எனக்கும் மூன்று வருடம் ஆயிற்று.


எட்டணா
ஞாயிறு, காலை 10:00

ஐயா, நீங்க இவ்வளவு சொன்னப்புறம் நான் வாதாட முடியாது. இருந்தாலும் அஞ்சு டாலர் விஷயத்துல என் கருத்து அப்படியேதான் இருக்கு.


மட்டுறுத்துனர்
ஞாயிறு, காலை 11:30

இந்த இழை "புதிதாய் வந்தவர்கள்" பகுதியிலிருந்து "இசை" பகுதிக்கு மாற்றப்படுகிறது. ஆப்பிள் சாஸ் பற்றிய பதிவுகள் தனி இழையாகப் பிரிக்கப்பட்டுள்ளன.


மதுரைக்காரன்_மில்வாக்கி
அடுத்த சனி, விடிகாலை 1:20

நேத்து மறுபடி போனேன். முதல்ல போய் பார்டெண்டர் அம்மாகிட்டப் பேசினேன். போன வாரம் என் பாட்டை நிறுத்துனீங்களேன்னேன். அதுக்கு, "ஓ, அந்தத் தூக்கப் பாட்டு உன்னோடதா? யாரோ ஆப்ல விளையாடுறாங்கன்னு நினைச்சேன்"னு சொல்லி ஒரு பீரைத் தள்ளுச்சு. நான் காசு போட்டதையே அது பாக்கலயாம். நம்புறதா வேணாமான்னு தெரியல. பீரைக் குடிச்சேன்.

நிலா அக்கா சொன்ன மாதிரி ரெண்டு பாட்டு ஓடட்டும்னு விட்டேன். அப்புறம் ரெண்டு டாலர். முதல்ல வயலெண்ட் ஃபெம்ஸ் பாட்டு ஒண்ணு, அவங்க இந்த ஊர்க்காரங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. ரெண்டரை நிமிசம்தான். கைதட்டல் எல்லாம் யாரும் தட்டல. பகடை போட்டுக்கிட்டு இருந்த ஆள் ஒருத்தர் மட்டும் குவளைய வச்சு அந்தத் தாளத்தைக் கவுண்டர்ல தட்டுனாரு. ரெண்டாவதா ரஹ்மான், இந்தத் தடவை வேகமானது, மூணரை நிமிசம். முழுசா ஓடுச்சு. அது ஓடி முடியிற வரைக்கும் நான் வேர்த்துப்போய் உக்காந்திருந்தேன், பரிச்ச ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி. ஒரு வாயி மீனு உள்ள போகல.


கும்பகோணம்_டிகிரி
அடுத்த சனி, காலை 8:15

வேர்த்தது ஆப்பிள் சாஸ்னால இருக்கும்.


நாப்பத்தஞ்சு
அடுத்த சனி, காலை 9:40

நல்லது மதுரைக்காரரே. அடுத்தது ஃப்ரீ பேர்ட் போடணும்னா செவ்வாய்க்கிழமை மத்தியானம் போங்க, யாரும் இருக்க மாட்டாங்க.

டொலீடோ ஐயாவுக்கு ஒரு கேள்வி, வாரம் முழுக்க மனசுல ஓடுது. அந்தத் தட்டு இப்ப எங்க?


பழைய_டொலீடோ
அடுத்த சனி, பிற்பகல் 2:05

பார் 1989இல் மூடினார்கள். நான் அப்போது வேலை மாறி கிளீவ்லண்ட் போய்விட்டேன். செய்தி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு வந்தேன். பெட்டியை ஆப்பரேட்டர் ஏற்கனவே தூக்கிப்போய்விட்டார், சுவரோரம் நான்கு கால் தடம் மட்டும் தரையில் இருந்தது. தட்டு உள்ளேயே போய்விட்டது. முதலாளி அந்தச் சீட்டையாவது எடுத்து வைத்திருக்கலாம், அவருக்குத் தோன்றவில்லை.


நாப்பத்தஞ்சு
அடுத்த சனி, பிற்பகல் 2:30

ஆப்பரேட்டர்கள் பெட்டியைக் கலைக்கும்போது தட்டுகளைக் கட்டுக்கட்டா வித்துடுவாங்க. டொலீடோ எனக்கு ரெண்டு மணி நேரம்தான். அந்தப் பக்கத்துப் பழைய சாமான் சந்தைகள்ல மாசம் ஒரு தடவையாவது 45 தட்டுப் பெட்டி பத்துப் பதினஞ்சு டாலருக்கு வாங்குறேன். பாதிக்கு மேல பிரிக்காமலே கிடக்கு. தமிழ்த் தட்டு, அதுவும் துவாரம் கோணலா அறுத்ததுன்னா தப்பவே தப்பாது. வேற ஏதாவது அடையாளம் உண்டா ஐயா?


பழைய_டொலீடோ
அடுத்த சனி, மாலை 5:50

இரண்டாம் பக்கத்தில், துவாரத்தை ஒட்டி, நகப்பூச்சால் ஒரு "ச" இருக்கும். சிவப்பு. தட்டுகளை அண்ணன் தங்கைகள் பங்கு பிரித்தபோது என் மனைவி போட்டுவைத்த அடையாளம். நான் அறுத்ததில் அந்த எழுத்தின் கால் பாகம் போய்விட்டது.


நாப்பத்தஞ்சு
அடுத்த சனி, மாலை 5:58

குறிச்சுக்கிட்டேன். நாளைக்குக் கராஜ்ல இருக்கற பெட்டிகளைப் பிரிக்கிறேன்.